ஏழைப் பண்டம் என்று பெயர் வாங்கிய நுரை

அமெரிக்கச் சமையல் நூல்களில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விடாமல் தலைகாட்டிய ஓர் இனிப்பு உண்டு. பெயர் புரூன் விப். உலர்ந்த பிளம் பழத்தை ஊறவைத்து, வேகவைத்து, கொட்டை நீக்கி மசித்து, நுரைக்க அடித்த முட்டை வெள்ளைக்கருவோடு கலப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் ஆல்பகோடா என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்கு நெருங்கிய சொந்தம்தான் இந்தப் புரூன். புளிப்பு குறைவு, தித்திப்பும் சதைப்பற்றும் அதிகம். இன்று அமெரிக்காவில் புரூன் விப் என்றால் கேலிச் சிரிப்புதான் வரும். வாடகை விடுதிச் சாப்பாடு, ஆஸ்பத்திரித் தட்டு, மலச்சிக்கல், பஞ்ச காலத்துச் சிக்கனம் என்று வரிசையாக நினைவுக்கு வரும். உணவைப் பற்றி எழுதுகிறவர்களில் பலரும் இந்தப் பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டு, வேறு பழம் கிடைக்காத காலத்தில் வேறு வழியில்லாதவர்கள் தின்ற பண்டம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதன் செய்முறையையும், அது பிறந்த ஆண்டுகளின் சந்தையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது. புரூன் விப் தன் காலத்துப் புதுமைப் பண்டம். ரயில், பல்சக்கரம், பெண்களுக்கான சமையல் பள்ளி ஆகிய மூன்றும் ஒரே தலைமுறையில் கைகூடியதால் பிறந்தது. ஏழைப் பண்டம் என்ற பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

முதலில் செய்முறை. ஃபேனி ஃபார்மர் பாஸ்டன் சமையல் பள்ளியின் முதல்வராக இருந்தவர். 1896இல் வெளிவந்த அவருடைய சமையல் நூலை நம்பாத லிட்டில் பிரௌன் பதிப்பகம், அச்சுச் செலவை அவர் தலையிலேயே கட்டி 3,000 பிரதிகள் மட்டும் போட்டது. பிறகு அந்த நூல் பல பத்தாண்டுகள் அமெரிக்க வீடுகளை ஆண்டது வேறு கதை. அவருடைய புரூன் விப் கேட்பது மூன்றில் ஒரு பவுண்டு பழம், அதாவது சுமார் 150 கிராம். அரைக் கப் சர்க்கரை. ஐந்து முட்டைகளின் வெள்ளைக்கரு. அரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. பழத்தைக் கழுவிப் பல மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, அந்த நீரிலேயே வேகவைக்க வேண்டும். சல்லடையில் தேய்த்து இறக்கிய விழுதில் சர்க்கரை போட்டு ஐந்து நிமிடம் காய்ச்சினால் மார்மலேட் பதத்துக்கு வரும். அது நன்றாக ஆறிய பிறகே விறைப்பாக அடித்த வெள்ளைக்கருவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் அழுத்தாமல் குவித்து, மந்தமான அடுப்பில் இருபது நிமிடம் வைத்து, ஆறியதும் பால் கஸ்டர்டோடு பரிமாற வேண்டும். ஊறவைப்பது, ஆறவைப்பது, அழுத்தாமல் குவிப்பது என்று ஒவ்வொரு படியிலும் பொறுமையும் கவனமும் கேட்கிற செய்முறை இது. கையில் கிடைத்ததைப் போட்டு வயிற்றை நிரப்புகிற சமையலில் இத்தனை நுணுக்கம் இருக்காது.

இதில் கவனிக்க வேண்டியது முட்டைக் கணக்கு. மின்விளக்கு போட்டுக் கோழிகளை ஏமாற்றும் வழக்கம் பரவுவதற்கு முன், பகல் குறுகும் குளிர்காலத்தில் வட அமெரிக்கக் கோழிகள் முட்டையிடுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். வசந்தத்தில் முட்டை மலிந்துகிடக்கும். டிசம்பரில் விலை ஏறிவிடும். அதனால்தான் வசந்த முட்டையைச் சோடியம் சிலிக்கேட் கரைசலில் போட்டு மாதக்கணக்கில் பாதுகாத்தார்கள். அந்த முட்டை பொரிக்கவும் கேக்கில் போடவும் உதவும். நாள்பட்ட முட்டையின் வெள்ளைக்கருவை விறைப்பாக அடித்து நிறுத்துவது கடினம். ஆக, ஐந்து புதிய வெள்ளைக்கருவை ஒரே பண்டத்தில் போடுவது ஏழை வீட்டில் அன்றாடம் நடக்கிற காரியமில்லை. மஞ்சள்கரு வீணாகவில்லை என்பது உண்மை. கூடவே வைக்கச் சொன்ன கஸ்டர்டில் மூன்று மஞ்சள்கரு போய்விடும். மிச்சம் இரண்டு வேறெதிலாவது சேரும். இதைச் சிக்கனம் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் அது முட்டை வாங்க முடிந்த வீட்டின் சிக்கனம், வரவு செலவு நோட்டு எழுதுகிற நடுத்தர வீட்டின் ஒழுங்கு. பருவமும் இதோடு ஒத்துப்போகிறது. மாசி, பங்குனி வாக்கில் நிலவறையில் வைத்த ஆப்பிள் தீர்ந்து அழுகத் தொடங்கும். புதிய பெர்ரிப் பழங்கள் வர இன்னும் நாளாகும். கோழிகளோ முட்டையிடத் தொடங்கியிருக்கும். அந்த இடைவெளிக்கு உலர்பழமும் வெள்ளைக்கருவும் சேர்ந்த இனிப்பைப் போல இன்னொன்று பொருந்தாது.

அடுத்தது பழம். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கர்கள் தின்ற புரூன் கடல் கடந்து வந்த சரக்கு: நல்லது பிரான்சிலிருந்து, மலிவானது போஸ்னியா, செர்பியா பக்கத்திலிருந்து. இந்த நிலையை மாற்றியவர்கள் தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்கு வந்து, தங்கத்தை விட்டு நாற்றுப்பண்ணைக்குத் திரும்பிய பிரெஞ்சுக்காரர்கள். சான் ஹோசேயில் பண்ணை வைத்த லூயி பெல்லியரின் தம்பி பியேர், ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஆஜான் வட்டாரத்துப் பிளம் மரத்தின் ஒட்டுக்குச்சிகளை 1856இல் கொண்டுவந்தார். வழியில் காயாமலிருக்கக் குச்சிகளை உருளைக்கிழங்கில் குத்தி எடுத்துவந்ததாகச் சொல்வார்கள். சாந்தா கிளாரா பள்ளத்தாக்கில் அந்த மரம் வேர்பிடித்ததற்குக் காரணம் வெயில். கோடை முழுதும் மழையில்லை. அந்தப் பிளம்மிலோ சர்க்கரை மிகுதி, கொட்டையோடு உலர்த்தினாலும் புளித்துப்போகாது. பழம் மரத்திலேயே கனிந்து தானாக விழும்வரை விட்டு, குடும்பம் குடும்பமாக மண்டியிட்டுப் பொறுக்கினார்கள். கொதிக்கும் காரநீரில் முக்கித் தோலில் நுண்ணிய வெடிப்புகள் விழச் செய்து, மரத்தட்டுகளில் பரப்பி வெயிலில் காயவைத்தார்கள். ஏறக்குறைய மூன்று கிலோ பழம் காய்ந்து ஒரு கிலோ புரூன் ஆகும். 1869இல் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில்பாதை முடிந்ததால் இந்தச் சரக்கு கிழக்குக் கடற்கரை மளிகைக் கடைகளுக்குப் போக வழி பிறந்தது. நூற்றாண்டு திரும்புவதற்குள் இறக்குமதி செய்த நாடு ஏற்றுமதி செய்யத் தொடங்கிவிட்டது.

புரூனைத் தரம் பிரித்த முறையும் இந்த இனிப்புக்குச் சாதகமாக இருந்தது. பவுண்டுக்கு எத்தனை பழம் நிற்கிறது என்று எண்ணித் தரம் சொல்வார்கள்: நாற்பது, ஐம்பது நின்றால் பெரிய பழம், விலை அதிகம்; நூறு நின்றால் சிறுசு, விலை குறைவு. முழுப் பழமாக வேகவைத்து மேசையில் வைப்பதற்குப் பெரிய பழம் தேவை. சல்லடையில் தேய்த்து விழுதாக்கும்போது அளவை யார் பார்க்கப் போகிறார்கள்? சிறுபழத்துக்கு மதிப்பான இடம் கொடுத்தது இந்த நுரைதான். புரூன் விப்பை ஏழைப் பண்டம் என்போர் சுட்டிக்காட்டக்கூடிய வலுவான சான்று இதுவே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழச் செலவு மிகக் குறைவு. 150 கிராம் பழம் ஒரு குடும்பத்துக்கே இனிப்பாகிவிடுகிறது. ஆனால் அப்படிப் பெருக்குவது வெள்ளைக்கரு தன்னுள் பிடித்துவைக்கும் காற்று. அந்தக் காற்றை ஏற்றுவதற்குத் தெம்போ கருவியோ வேண்டும். கதையின் முக்கியமான பகுதி இங்கேதான் இருக்கிறது.

நல்ல விறைப்பான நுரை என்றால் வெள்ளைக்கரு தன் கன அளவில் ஆறேழு மடங்காவது உப்ப வேண்டும். கையில் வெறும் முள்கரண்டியோ குச்சிக்கட்டோ இருந்தால் இது அரைமணி நேர வேலை, தோள்பட்டை கழன்றுவிடும். அதனால் நெடுங்காலம் நுரை இனிப்பு என்பது வேலையாட்கள் இருந்த வீட்டின் இனிப்பாகவே இருந்தது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் அந்த வேலையாள் பெரும்பாலும் அடிமை. 1870இல் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்தைச் சேர்ந்த டர்னர் வில்லியம்ஸ், ஒரு கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு கம்பிச் சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து எதிரெதிர்த் திசையில் சுழலும் முட்டைக் கடைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். பாஸ்டனில் இருந்த டோவர் ஸ்டாம்பிங் நிறுவனம் அதைச் செய்து விற்றது. சில ஆண்டுகளில் சமையல் குறிப்புகள் பொதுவாகக் கடைப்பான் என்று சொல்வதை விட்டு டோவரால் அடியுங்கள் என்றே எழுதத் தொடங்கின. வெள்ளைக்கருவை மட்டும் கொண்டு செய்யும் ஏஞ்சல் கேக் நாடெங்கும் பரவியதும் இந்தக் காலத்தில்தான். வேலைக்காரி இல்லாத வீட்டில் ஒரு பெண் தனியாக, கை ஓயாமல் நுரை எழுப்ப முடிந்தது அப்போதுதான். புரூன் விப் பரவியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

பழ நுரை அதற்கு வெகுகாலம் முன்பே இங்கிலாந்தில் இருந்ததே என்று ஒரு மறுப்பு வரும். இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அச்சான ஓர் ஆங்கிலச் சமையல் நூல், பாலேட்டையும் எட்டு முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரை, பன்னீரோடு அடித்துப் பனிபோலக் குவிக்கச் சொல்கிறது. அடிப்பதற்கு நுனியை நான்காகப் பிளந்த குச்சி. ஆப்பிள் விழுதை வெள்ளைக்கருவோடு அடிக்கும் ஆப்பிள் பனியும் ஆங்கில வீடுகளில் பழகியதே. நம் தூத்துக்குடி மக்ரூன் இதே வெள்ளைக்கரு நுரையில் முந்திரியைச் சேர்த்ததுதான். அந்த நுரையை எழுப்பும் கலையும் இயந்திரத்துக்கு முந்தியதே. ஆகவே நுட்பம் புதிதென்று நான் வாதிடவில்லை. யார் வீட்டு மேசையில் அது வாரநாள் இனிப்பாக வந்தது என்பதுதான் கேள்வி. பிளந்த குச்சியால் செய்தது விருந்துக்கு. டோவர் கடைப்பானால் செய்தது செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு. பழைய விருந்துப் பண்டத்தை அன்றாடத்துக்கு இறக்கிவந்த பிறகு, அன்றாடமாக இருப்பதையே அதன் குற்றமாகச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

கருவியும் சரக்கும் இருந்தால் போதுமா? இரண்டும் இருந்தும் இங்கிலாந்து வேறு வழியில் போனது. வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட ‘தனக்கென ஓர் அறை’ நூலில் பெண்கள் கல்லூரி ஒன்றின் இரவு உணவை வர்ணிக்கிறார். அங்கே இனிப்பாக வருவது புரூனும் கஸ்டர்டும். ஆண்கள் கல்லூரியின் செழிப்பான மதிய விருந்துக்கு எதிரில் அதை வைத்துக் காட்டி, பெண்கள் கல்விக்கு ஒதுக்கிய பணத்தின் வறட்சியைச் சொல்கிறார். பொருட்களைப் பாருங்கள்: பழம் அதே பழம், கஸ்டர்டு அதே கஸ்டர்டு. பாஸ்டன் பள்ளியில் பயின்ற பெண் அதே இரண்டையும் கொண்டு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊதாநிற மேகம் எழுப்பியிருப்பாள். வித்தியாசம் பயிற்சியில் இருக்கிறது. 1879இல் தொடங்கிய அந்தப் பள்ளி சமையலை அளவுக் கரண்டியும் கடிகாரமும் கொண்ட படிப்பாக மாற்றியது. அளவுக் கரண்டியை வழித்துச் சமமாக்கி அளக்கும் பழக்கத்தை நாடு முழுக்கப் பரப்பியவர் ஃபார்மர். நோயாளிகளுக்கான உணவு அவருக்குத் தனி ஆர்வம். 1904இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் விரிவுரையும் ஆற்றினார். லேசான உணவு எளிதில் செரிக்கும், காற்றேறிய உணவு லேசானது, பார்வைக்கு மென்மையாக இருப்பது வயிற்றுக்கும் மென்மை என்பது அந்தப் பள்ளிக்காரர்களின் நம்பிக்கை. இதில் பாதி உண்மை, பாதி கற்பனை. ஆனாலும் உலர்ந்து சுருங்கிக் கறுத்த பழத்தை வெளிறிய மென்னுரையாக்குவது அவர்கள் கண்ணில் சமையலின் வெற்றி. புரூன் விப் அவர்களுடைய கொள்கையின் செய்முறை வகுப்பு.

வறுமைக் கட்சிக்காரர்கள் கையிலெடுக்கும் மிகப் பிரபலமான சான்று 1933ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று வெள்ளை மாளிகையில் நடந்த மதிய உணவு. பொருளாதார மந்தத்தின் அடிமட்டத்தில் பதவியேற்ற ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு, மக்களுக்கு வழிகாட்டும் விதமாக எலினோர் ரூஸ்வெல்ட் ஏழரை சென்ட் செலவில் ஒரு சாப்பாடு ஏற்பாடு செய்தார். தக்காளி சாஸோடு அடைத்த முட்டை, மசித்த உருளைக்கிழங்கு, காபி, கடைசியில் புரூன். பார்த்தீர்களா, பஞ்சத்தின் இனிப்பு புரூன்தானே என்பார்கள். ஆனால் அன்று பரிமாறியது புரூன் விப் இல்லை, புரூன் புட்டிங். பழத்தைச் சோளமாவில் கெட்டியாக்கிப் பட்டை மணம் சேர்த்தது. கார்னெல் பல்கலைக்கழகத்து மனையியல் துறையினர் காசு காசாகக் கணக்குப் போட்ட உணவு அது. அவர்கள் பழத்தை வைத்துக்கொண்டார்கள், நுரையை விட்டுவிட்டார்கள். முட்டை ஏற்கெனவே உணவின் நடுத்தட்டுக்குப் போய்விட்டது. இனிப்புக்கு மாவு போதும். சிக்கனத்தை ஊரறியக் காட்ட வேண்டிய நாளில் எது விலக்கப்பட்டது என்று பார்த்தால், நுரை எந்த வரிசையைச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது: ஏன் புரூன்? உலர் திராட்சை, உலர் ஆப்பிள், அத்தி எல்லாம் அந்தக் கடைகளில் கிடைத்தனவே. வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மீதி பெரும்பாலும் புரதம். அடிக்கும்போது புரதம் விரிந்து காற்றுக் குமிழியைச் சுற்றிப் படலமாகப் பிடித்துக்கொள்ளும். குமிழிகளுக்கு இடையிலிருக்கும் நீர் கீழே வடிந்தால் நுரை இறங்கிவிடும். அதைத் தடுக்க நீரைக் கெட்டியாக்கும் ஏதாவது வேண்டும். புரூனில் பெக்டின் தாராளம், சர்க்கரையும் சார்பிட்டாலும் நிறைய; விழுது தானாகவே கொழகொழப்பாக நிற்கும். மார்மலேட் பதம் வரை காய்ச்சச் சொன்னது இதற்காகத்தான். எலுமிச்சைச் சாறு படலத்தை உறுதியாக்கும், கறுத்த இனிப்பின் திகட்டலையும் வெட்டும். உலர் திராட்சையின் தோலும் அத்தியின் விதையும் இவ்வளவு வழவழப்பான விழுதுக்கு இடம் கொடுக்காது. இந்த வேலைக்கு உலர்பழங்களில் புரூனோடு போட்டியிடக்கூடியது பாதாமி ஒன்றே. சாந்தா கிளாரா பள்ளத்தாக்கு அதையும் விளைவித்தது, பாதாமி விப்பும் புத்தகங்களில் பக்கத்துப் பக்கத்தில் வந்தது. 1917இல் அமைந்து சன்ஸ்வீட் முத்திரையில் விற்ற விவசாயிகள் கூட்டுறவின் பெயரிலேயே புரூனும் பாதாமியும் சேர்ந்திருந்தன.

புரூன் விப் வீழ்ந்ததற்குச் சுவை காரணமில்லை. அதைத் தூக்கிவிட்ட காரணங்களே ஒவ்வொன்றாகக் கைவிட்டன. குளிரூட்டிய ரயில் பெட்டியும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் வந்து மாசி, பங்குனியின் பழ வெற்றிடத்தை நிரப்பின. நியூயார்க் மாநிலத்து லெராய் ஊரில் 1897இல் பிறந்த ஜெல்-ஓ, பொட்டலத்தைப் பிரித்து வெந்நீரில் கரைத்தாலே லேசான, பளபளக்கும் இனிப்பைக் கொடுத்தது. முட்டையும் வேண்டாம், கடைப்பானும் வேண்டாம். கூட்டுறவும் மருத்துவர்களும் புரூனை வயிற்றுக்கு நல்லது என்று ஓயாமல் விளம்பரம் செய்ததில் அது மருந்துப் பட்டியலில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டது. பிறகு எத்தனை நுரைத்தாலும் கஷாய வாடை போகவில்லை. ஆஸ்பத்திரிகளும் விடுதிகளும் ஏற்றுக்கொண்ட பிறகு, பெரிய அண்டாவில் அடித்து மணிக்கணக்கில் காத்திருந்து நீர்விட்ட நுரைதான் பலருக்கும் அறிமுகமான புரூன் விப். அந்த நினைவைத்தான் பண்டத்தின் வரலாறு என்று எழுதிவிட்டார்கள். 1980களில் சால்மோனெல்லா பயம் பச்சை வெள்ளைக்கருவையே சந்தேகப் பொருளாக்கியது. 2000இல் கலிபோர்னியாக்காரர்கள் புரூன் என்ற பெயரே விற்பனையைக் கெடுக்கிறது என்று முறையிட்டு, உலர்ந்த பிளம் என்று அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் அனுமதி வாங்கினார்கள்.

பழத் தோட்டங்கள் சாந்தா கிளாராவில் இப்போது இல்லை என்றே சொல்லலாம். போருக்குப் பிந்தைய வீட்டுமனைகளும் பிறகு சிலிக்கன் தொழிலும் நிலத்தை எடுத்துக்கொள்ள, புரூன் வடக்கே சாக்ரமென்டோ பள்ளத்தாக்குக்குப் போனது. இயந்திரம் மரத்தை உலுக்குகிறது, சூடான காற்றுக் கூடத்தில் பழம் காய்கிறது. நம் ஊர்ப் பெரிய கடைகளிலும் கொட்டை நீக்கிய கலிபோர்னியா புரூன் பொட்டலமாகக் கிடைக்கிறது. செய்து பார்க்க விரும்புகிறவர்கள் ஃபார்மரின் அளவை மாற்ற வேண்டியதில்லை. விழுது முழுவதும் ஆறட்டும், பாத்திரத்தில் ஒரு சொட்டு மஞ்சள்கருவோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்க வேண்டாம், எலுமிச்சையை விடாதீர்கள், அடுப்பில் வைக்கும் படியைச் சோம்பலில் தாண்டாதீர்கள். செய்த அன்றே சாப்பிட்டுவிடுங்கள். மறுநாள் வரை வைத்தால் நீர்விட்டுவிடும்.